சொயிச்சிரோ ஹோண்டா

சொயிச்சிரோ ஹோண்டா (நவம்பர் 17, 1906 – ஆகஸ்ட் 5, 1991) ஜப்பானைச் சேர்ந்த பொறியாளரும் தொழிலதிபரும் ஆவார். 1948 ஆம் ஆண்டு ஹோண்டா மோட்டார் நிறுவனத்தைத் தோற்றுவித்து, 1973 வரை அதன் தலைவராக இருந்தார். ஜப்பானிய வழக்கப்படி குடும்பப் பெயர் முதலில் வருவதால் அந்நாட்டில் இவர் ஹோண்டா சொயிச்சிரோ என்று அழைக்கப்படுகிறார்.

பொறியியல் பட்டம் எதுவும் பெறாத இவர், பிறர் செய்த வண்டிகளைப் பிரித்துப் பழுதுபார்த்து மாற்றியமைக்கும் பட்டறைத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கினார். செய்து முடித்த ஒன்றை மீண்டும் மாற்றிப் பார்க்கும் அந்தப் பழக்கம் இறுதிவரை இவரை விட்டு நீங்கவில்லை. இவருடைய வெற்றிகளுக்கும், 1969 ஆம் ஆண்டின் ஹோண்டா 1300 என்னும் குடும்ப மகிழுந்தில் இவர் சந்தித்த பெருந்தோல்விக்கும் அப்பழக்கமே காரணம் எனலாம். பழைய ஹோண்டா மகிழுந்துகளை வாங்கித் தம் விருப்பப்படி மாற்றியமைக்கும் ஆர்வலர்கள் இன்று உலகின் பல பகுதிகளில் உள்ளனர். இவருடைய வாழ்க்கை அவர்களிடையே பெரிதும் பேசப்படுகிறது.

பிறப்பும் இளமையும்

சொயிச்சிரோ, ஷிசுவோக்கா மாகாணத்தில் உள்ள கோமியோ என்னும் சிற்றூரில் பிறந்தார். இவ்வூர் இன்று ஹமமட்சு நகரின் எல்லைக்குள் அடங்கியுள்ளது. தந்தை கிஹெய் ஒரு கொல்லர். பின்னர் மிதிவண்டி பழுதுபார்க்கும் கடையையும் நடத்தினார். தாய் மிகா நெசவுத் தொழில் அறிந்தவர். உலைக்களத்தின் ஓசையும் இரும்பின் வாசனையும் சூழ்ந்த வீட்டில் வளர்ந்த சிறுவனுக்குப் பாடப் புத்தகங்களில் நாட்டம் இல்லை. ஊருக்குள் முதன்முதலாக மகிழுந்து ஒன்று வந்தபோது அதன் பின்னே ஓடியதையும், அது நின்ற இடத்தில் தரையில் சிந்திய எண்ணெயை முகர்ந்து பார்த்ததையும் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார்.

1917 ஆம் ஆண்டு அமெரிக்க விமானி ஆர்ட் ஸ்மித் ஹமமட்சுவில் வான் சாகசம் நிகழ்த்தினார். பத்து வயதுச் சிறுவனான சொயிச்சிரோ, தந்தையின் பெரிய மிதிவண்டியை வீட்டாருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு சுமார் 20 கிலோமீட்டர் ஓட்டிச் சென்றான். நுழைவுக் கட்டணத்துக்குப் பணம் போதவில்லை. அருகிலிருந்த தேவதாரு மரத்தில் ஏறி அமர்ந்து விமானம் பறப்பதைக் கண்டான்.

பள்ளிக் காலத்து நிகழ்ச்சி ஒன்றும் பரவலாக அறியப்பட்டது. மதிப்பெண் அறிக்கையில் பெற்றோரின் முத்திரை இடப்பட வேண்டும் என்பது விதி. மதிப்பெண்ணைத் தந்தைக்குக் காட்ட விரும்பாத சொயிச்சிரோ, மிதிவண்டி மிதிகட்டையின் இரப்பரைச் செதுக்கிக் குடும்ப முத்திரையைத் தானே செய்துகொண்டான். ஹோண்டா என்னும் பெயரின் எழுத்துகள் இருபுறமும் ஒத்த வடிவுடையவை. எனவே கண்ணாடிப் பிம்பம் போல் திருப்பிச் செதுக்கவேண்டும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை, தோன்றத் தேவையும் இருக்கவில்லை. அதே முறையில் நண்பர்களுக்கும் முத்திரை செய்து கொடுத்தபோது எழுத்துகள் தலைகீழாக விழுந்து குட்டு வெளிப்பட்டது.

ஆர்ட் ஷோகாய் பட்டறை

1922 ஆம் ஆண்டு பள்ளிப் படிப்பை முடித்ததும், டோக்கியோவின் ஹொங்கோ பகுதியில் யூசோ சக்காகிபரா என்பவர் நடத்திவந்த ஆர்ட் ஷோகாய் என்னும் மகிழுந்துப் பட்டறையில் சொயிச்சிரோ தொழில் பழகச் சேர்ந்தார். அதன் விளம்பரத்தை இதழ் ஒன்றில் கண்டு இவரே கடிதம் எழுதி இடம் கேட்டிருந்தார். முதல் சில மாதங்கள் இவருக்குக் கிடைத்த வேலை முதலாளியின் குழந்தையைப் பார்த்துக்கொள்வது. மகிழுந்துகளைக் கண்ணால் காணலாம், தொட இயலாது. ஊர் திரும்பிவிடலாமா என்றுகூட எண்ணினார்.

செப்டம்பர் 1, 1923 அன்று நிகழ்ந்த கான்டோ பெருநிலநடுக்கத்தில் டோக்கியோ தீப்பிடித்து எரிந்தது. பட்டறையில் நின்ற வாடிக்கையாளர்களின் வண்டிகளைக் காப்பாற்ற ஓட்டத் தெரிந்தவர்கள் போதவில்லை. அதுவரை வண்டி ஓட்டியிராத சொயிச்சிரோ ஒரு மகிழுந்தில் ஏறி நெரிசலான தெருக்களினூடே அதை ஓட்டிச் சென்றார். தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட, எஞ்சிய சிலரில் ஒருவராக எரிந்துபோன வண்டிகளைச் சீரமைக்கும் வேலையைக் கற்றார். பதினெட்டாம் வயதில் தீயணைப்பு வண்டி ஒன்றைப் பழுதுபார்க்கத் தொலைவிலுள்ள மொரியோக்காவுக்கு இவர் தனியே அனுப்பப்பட்டார். சிறுவனைப் போன்ற தோற்றத்தைக் கண்டு அங்கிருந்தோர் முதலில் ஐயுற்றனர். வண்டி ஓடியபின் விடுதியில் இவருக்கு நல்ல அறை கிடைத்தது.

இப்பட்டறையில்தான் வண்டிகளை மாற்றியமைக்கும் கலையை இவர் முறையாகப் பயின்றார். சக்காகிபரா பந்தயத்தில் ஆர்வம் உள்ளவர். அமெரிக்கக் கர்டிஸ் பயிற்சி விமானத்தின் பழைய எஞ்சின் ஒன்றை, மிட்செல் என்னும் அமெரிக்க மகிழுந்தின் அடிச்சட்டத்தில் பொருத்திப் பந்தய வண்டி ஒன்றை இப்பட்டறையினர் உருவாக்கினர். எட்டு சிலிண்டர்கள் கொண்ட அந்த எஞ்சினின் கொள்ளளவு சுமார் 8 லிட்டர். வானில் நிதானமாகச் சுழல்வதற்கென்றே வடிவமைக்கப்பட்ட எஞ்சின் அது. தரையில் விரைந்து முடுக்கவும் குறைக்கவும் ஏற்றதாக அதை மாற்றுவது எளிதாக இருக்கவில்லை. தேவையான பாகங்கள் பலவற்றைக் கையாலேயே செய்தனர். நவம்பர் 23, 1924 அன்று நடந்த ஐந்தாவது ஜப்பானிய மகிழுந்துப் போட்டியில் முதலாளியின் தம்பி ஷின்னிச்சி ஓட்ட, 18 வயது நிரம்பிய சொயிச்சிரோ உடன் அமர்ந்து செல்லும் இயந்திரப் பணியாளராகச் சென்றார். அவ்வண்டி முதலிடம் பெற்றது.

ஹமமட்சுக் கிளையும் விபத்தும்

1928 ஆம் ஆண்டு, சொந்த ஊருக்கு அருகே ஹமமட்சுவில் ஆர்ட் ஷோகாயின் கிளையைத் தொடங்கச் சொயிச்சிரோவுக்கு அனுமதி கிடைத்தது. அப்போது இவருக்கு வயது 21. அக்கால மகிழுந்துச் சக்கரங்களின் ஆரக்கால்கள் மரத்தால் ஆனவை. எளிதில் தளர்ந்து போகும், தீயில் எரிந்தும் போகும். அவற்றுக்கு மாற்றாக வார்ப்பிரும்பு ஆரக்கால்களை உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். அவை இந்தியா வரை ஏற்றுமதியாயின.

வருவாய் பெருகியதும் மீண்டும் பந்தய வண்டிகளில் இறங்கினார். ஜூன் 7, 1936 அன்று, புதிதாகத் திறக்கப்பட்ட தமகாவா ஓடுதளத்தில் போர்டு எஞ்சினை மாற்றியமைத்துத் தாமே கட்டிய வண்டியை ஓட்டினார். உடன் அமர்ந்தவர் தம்பி பென்ஜிரோ. வண்டி மிகுந்த வேகத்தில் சென்றுகொண்டிருந்தபோது, ஓடுதளத்துக்குள் நுழைந்த மற்றொரு வண்டியுடன் மோதித் தூக்கி எறியப்பட்டது. சொயிச்சிரோவின் முகத்திலும் கையிலும் காயம் ஏற்பட்டது. பென்ஜிரோவின் காயம் அதனினும் கடுமையானது. இதற்கு முந்தைய ஆண்டில்தான் சாச்சி என்பவரை இவர் மணந்திருந்தார். பந்தய ஓட்டம் இத்துடன் ஏறக்குறைய முடிவுக்கு வந்தது.

பட்டறை வாழ்வு உடலிலும் பதிந்திருந்தது. சுத்தியலும் உளியும் பிடிக்கும் வலக்கை பெரிதும் தப்பியது; பொருளைப் பிடித்துக்கொள்ளும் இடக்கையே அடிகளை ஏற்றது. இடக்கை முழுவதும் தழும்புகள். விரல்கள் சில வலக்கை விரல்களைவிடக் குட்டையாகிவிட்டன. ஒவ்வொரு தழும்பும் எந்த வேலையில் ஏற்பட்டது என்று இவரால் சொல்ல முடிந்தது.

பிஸ்டன் வளையங்கள்

பழுதுபார்க்கும் தொழிலில் எவ்வளவு உயர்ந்தாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு என்று கருதி, பிஸ்டன் வளையங்கள் செய்யும் முயற்சியில் இறங்கினார். வார்த்த வளையங்கள் ஒன்றும் பயன்படவில்லை. சில ஒடிந்தன, சில வளையவே மறுத்தன. கையிருப்பு கரைந்தது. ஹமமட்சு உயர் தொழில்நுட்பப் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் வளையத்தை ஆய்ந்து, சிலிக்கான் போதவில்லை என்று கூறினார். அப்படி ஒரு பொருள் தேவை என்பதே இவருக்கு அதுவரை தெரியாது. முப்பது வயதை எட்டிய நிலையில், பட்டறையையும் நடத்திக்கொண்டு அப்பள்ளியில் பார்வை மாணவராகச் சேர்ந்தார். தமக்குத் தேவையான பாடங்களை மட்டும் கேட்டார், தேர்வுகள் எழுதவில்லை, ஆகவே பட்டமும் பெறவில்லை.

இவருடைய தோக்காய் செய்க்கி நிறுவனம் டொயோட்டாவின் சோதனைக்கு அளித்த 50 வளையங்களில் 3 மட்டுமே தேறின. குறைகளைக் களைந்து, பின்னர் டொயோட்டாவுக்கே வளையங்கள் வழங்குபவரானார். போர்க்காலத்தில் நிறுவனத்தின் 40 விழுக்காட்டுப் பங்கு டொயோட்டாவின் கைக்குச் சென்றது. குண்டுவீச்சாலும் 1945 சனவரியில் நிகழ்ந்த மிகாவா நிலநடுக்கத்தாலும் ஆலை அழிந்தது. எஞ்சிய தம் பங்குகளை 4,50,000 யென்னுக்கு விற்றுவிட்டு ஏறத்தாழ ஓராண்டு எந்த வேலையும் செய்யாமல் இருந்தார்.

ஹோண்டா நிறுவனத்தின் தோற்றம்

போருக்குப் பிந்தைய ஜப்பானில் போக்குவரத்து சீர்குலைந்திருந்தது. தொடர்வண்டிகளில் இடமில்லை. உணவுப் பொருள் தேடி மக்கள் மிதிவண்டிகளில் நெடுந்தொலைவு சென்று வந்தனர். படைத்துறை விட்டுச்சென்ற சிறு எஞ்சின்கள் சில சொயிச்சிரோவின் கண்ணில் பட்டன. வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் தருவதற்காகச் செய்யப்பட்டவை அவை. அவற்றை மிதிவண்டியில் பொருத்தினார். முதல் வண்டிக்கு எரிபொருள் கலனாக அமைந்தது வீட்டிலிருந்த வெந்நீர்க் குடுவை. மனைவி சாச்சியே அதைத் தெருவில் ஓட்டிப் பார்த்தார். 1946 அக்டோபரில் ஹமமட்சுவில் ஹோண்டா தொழில்நுட்ப ஆய்வகம் தொடங்கப்பெற்றது. அந்த எஞ்சின்கள் தீர்ந்தபின் சொந்த எஞ்சின் செய்யவேண்டியதாயிற்று. செப்டம்பர் 24, 1948 அன்று 10 இலட்சம் யென் முதலீட்டில் ஹோண்டா மோட்டார் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது.

1949 இல் தக்கேயோ புஜிசாவா நிறுவனத்தில் இணைந்தார். பொருள் செய்வது சொயிச்சிரோ, விற்பதும் பணம் பார்ப்பதும் புஜிசாவா என்பது இருவருக்குமிடையே இருந்த ஏற்பாடு. நிறுவனத் தலைவரின் முத்திரை புஜிசாவாவிடமே இருந்தது. சொயிச்சிரோ அதைக் கையாளவே இல்லை. சிறுவயதில் பொய் முத்திரை செய்தவர் என்பதை இங்கு நினைத்துப் பார்க்கலாம்.

மோட்டார் சைக்கிள் துறையில் இவர்களுடைய வளர்ச்சி தனிக் கட்டுரைக்கு உரியது. 1958 இல் வெளிவந்த சூப்பர் கப் வண்டியின் மொத்த உற்பத்தி 2017 இல் 10 கோடியைக் கடந்தது. ஐல் ஆஃப் மேன் பந்தயத்தில் பங்கேற்போம் என்று 1954 இல் அறிவித்து, 1959 இல் முதன்முறை கலந்துகொண்டு, 1961 இல் 125, 250 கன செ.மீ. ஆகிய இரு பிரிவுகளிலும் வென்றனர்.

மகிழுந்துத் துறையில்

1960களின் தொடக்கத்தில், மகிழுந்து உற்பத்தியில் புதிய நிறுவனங்கள் நுழைவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றை ஜப்பானிய வணிக, தொழில் துறை அமைச்சகம் கொண்டுவர முயன்றது. சட்டம் வருமுன் மகிழுந்து செய்தவராக இருந்தாக வேண்டும் என்று சொயிச்சிரோ விரைந்தார். 1963 ஆகஸ்டில் டி 360 சிறு சரக்குந்தும் அதே ஆண்டு அக்டோபரில் எஸ் 500 விளையாட்டு மகிழுந்தும் வெளிவந்தன. அச்சட்ட முன்வரைவு 1964 இல் கைவிடப்பட்டது. அதே ஆண்டு ஹோண்டா பார்முலா 1 பந்தயத்திலும் நுழைந்தது. 1965 மெக்சிகோ பந்தயத்தில் ரிச்சி கிந்தர் ஓட்டிய வண்டி முதல் வெற்றியை ஈட்டியது.

மக்களைச் சென்றடைந்த முதல் மகிழுந்து 1967 இல் வந்த என் 360 ஆகும். 354 கன செ.மீ. கொண்ட அதன் எஞ்சின் காற்றால் குளிர்விக்கப்படுவது. 31 குதிரைத்திறன் என்பது அந்நாளைய சிறு மகிழுந்துகளுக்கு மிகுதி. விற்பனையும் பெருகியது. ஆயினும் அவ்வண்டி ஓட்டத்தில் நிலைதடுமாறுகிறது என்று பயனர் அமைப்பு ஒன்று குற்றஞ்சாட்டி, 1970 இல் சொயிச்சிரோ மீதே குற்றவியல் புகார் அளித்தது. அரசுத் தரப்பு வழக்குத் தொடரவில்லை.

காற்றா, நீரா?

எஞ்சினின் வெப்பத்தைத் தணிக்க இரு வழிகள் உண்டு. எஞ்சினைச் சுற்றி நீரை ஓடவிட்டு, அந்நீரை ரேடியேட்டரில் காற்றால் ஆற்றுவது ஒன்று. எஞ்சின்மீது நேரடியாகக் காற்றைச் செலுத்துவது மற்றொன்று. நீரையும் முடிவில் காற்றுதான் ஆற்றுகிறது. அப்படியிருக்க இடையில் நீர் எதற்கு என்பது சொயிச்சிரோவின் வாதம். நீர் இல்லையேல் ஒழுகாது, உறையாது, ரேடியேட்டரும் வேண்டாம். மோட்டார் சைக்கிளில் வெற்றி கண்ட ஒருவருக்கு இவ்வாதம் இயல்பானதே. ஆனால் எஞ்சின் பெரிதாகப் பெரிதாக, அதன் எல்லாப் பகுதிகளையும் ஒரே வெப்பநிலையில் வைத்திருப்பது காற்றுக்குக் கடினமாகிறது. வெப்பநிலை சீராக இல்லாவிடில் எரிதலையும் நுட்பமாகக் கட்டுப்படுத்த இயலாது.

1968 இல் காற்றால் குளிரும் ஆர்ஏ 302 என்னும் பந்தய வண்டியைக் களமிறக்கினார். அதை ஓட்டிப் பார்த்த ஜான் சர்டீஸ், பந்தயத்துக்கு அது தயாராகவில்லை என்று கூறி ஓட்ட மறுத்தார். ஜூலை 7 அன்று ரூவான் நகரில் நடந்த பிரெஞ்சுப் பந்தயத்தில் அதை ஓட்டிய ஜோ ஷ்லெஸ்ஸர், மூன்றாம் சுற்றில் விபத்துக்குள்ளாகித் தீயில் உயிரிழந்தார். வண்டியின் உடலில் மக்னீசியம் மிகுதியாகப் பயன்பட்டிருந்ததால் தீயை அணைப்பது அரிதாயிற்று. அந்த ஆண்டின் இறுதியில் ஹோண்டா பார்முலா 1 இலிருந்து விலகியது.

இதற்குப் பின்னும் சொயிச்சிரோ கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 1969 இல் விற்பனைக்கு வந்த ஹோண்டா 1300, நிறுவனத்தின் முதல் குடும்பச் செடான் மகிழுந்து ஆகும். 1298 கன செ.மீ. கொண்ட அதன் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு இரட்டைச் சுவர்கள். இடையே விசிறி காற்றைச் செலுத்தும். எண்ணெய்க்குத் தனிக் கலன் இருந்தது. ஒரு கார்புரேட்டர் கொண்ட 77 என்னும் வகை 100 குதிரைத்திறனும், நான்கு கார்புரேட்டர் கொண்ட 99 என்னும் வகை 115 குதிரைத்திறனும் தந்தன. அளவுக்கு இது வியக்கத்தக்க ஆற்றல். ஆனால் நீரை விலக்கிக் கிடைத்திருக்க வேண்டிய எளிமையும் எடைக்குறைவும் எங்குமே காணப்படவில்லை. எஞ்சின் கனத்தது, முன்பாரம் மிகுந்து வண்டி திருப்பங்களில் வெளிப்புறமாக விலகியது, செய்யும் செலவும் உயர்ந்தது.

வடிவமைப்புக் காலம் முழுவதும் சொயிச்சிரோ வரைபடங்களை மாற்றிக்கொண்டே இருந்தார். காலையில் வந்ததும் இரவில் தோன்றிய புதிய எண்ணத்தைச் சொல்வார். முன்தினம் வரைந்தது வீணாகும். உற்பத்தி தொடங்கிய பின்னும் மாற்றங்கள் நிற்கவில்லை. பட்டறையில் ஒரே ஒரு கர்டிஸ் வண்டியைச் செதுக்கும்போது இது சிறந்த பண்பு. ஆயிரக்கணக்கில் ஒரே அச்சாக வண்டி வெளிவரவேண்டிய ஆலையில் இது பெருந்தொல்லை. அந்த வேறுபாட்டை அவர் உணரவில்லை, அல்லது உணர விரும்பவில்லை எனலாம்.

இளம் பொறியாளர்கள் நீர்க்குளிர்ச்சியே வழி என்று உறுதியாக நம்பினர். அமெரிக்காவில் புகைமாசுக் கட்டுப்பாடு கடுமையாகப் போவது அப்போதே தெரிந்திருந்தது. அவர்களில் ஒருவரான தடாஷி குமே மனம் வெறுத்து வேலைக்கு வராமல் சிறிது காலம் விலகியிருந்தார். (இவரே 1983 இல் நிறுவனத்தின் மூன்றாம் தலைவரானார்.) நிறுவனரிடம் நேரில் சொல்லித் தோற்றவர்கள், முடிவில் புஜிசாவாவிடம் முறையிட்டனர். தொழில்நுட்பத்தில் தலையிடுவதில்லை என்று இருபது ஆண்டுகள் காத்துவந்த வரம்பைப் புஜிசாவா அன்று மீறினார். நிறுவனத்தின் தலைவராக இருக்கப் போகிறாரா, பொறியாளராக இருக்கப் போகிறாரா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்று சொயிச்சிரோவிடம் கேட்டார். சிறிது நேர அமைதிக்குப் பின், தலைவராகவே இருப்பதாகச் சொயிச்சிரோ பதிலளித்தார். நீர்க்குளிர்ச்சிக்கு அன்றே இசைவும் தந்தார். 62 வயதில், தம் கையறிவைவிட இளையோரின் கணக்கீடு சரியானது என்று ஒப்புக்கொள்வது அவருக்கு எளிதாக இருந்திருக்க முடியாது.

சிவிக், சிவிசிசி எஞ்சின், ஓய்வு

1971 இல் லைப் என்னும் சிறு மகிழுந்தும் 1972 ஜூலையில் சிவிக்கும் நீர்க்குளிர்ச்சியுடன் வந்தன. சிவிக்கின் 1169 கன செ.மீ. எஞ்சின் 60 குதிரைத்திறனே தந்தது. ஹோண்டா 1300 உடன் ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனால் வண்டி இலகுவானது, உள்ளே இடம் மிகுந்தது, செய்வதற்கு எளியது. அதன் உருவாக்கத்தில் சொயிச்சிரோவின் தலையீடு குறைவாகவே இருந்தது.

அமெரிக்காவின் 1970 ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டத் திருத்தம், 1975 முதல் வெளிவரும் மகிழுந்துகளின் புகைமாசை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைக்கக் கோரியது. பெருநிறுவனங்கள் இது இயலாது என்றன. ஹோண்டா பொறியாளர்கள் உருவாக்கிய சிவிசிசி எஞ்சினில், முதன்மை எரியறைக்குப் பக்கத்தில் சிறிய முன்னறை ஒன்று உண்டு. அதற்கெனத் தனி வால்வு உண்டு. முன்னறையில் பெட்ரோல் செறிந்த கலவை பற்றி எரிந்து, அந்தச் சுடர் முதன்மை அறையில் உள்ள நீர்த்த கலவைக்குப் பரவுகிறது. எரிதல் நிதானமாகவும் முழுமையாகவும் நிகழ்வதால் மாசு குறைகிறது. 1972 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் காப்பு முகமையின் சோதனையில் இது தேறியது. 1973 டிசம்பரில் சிவிக் மகிழுந்தில் விற்பனைக்கு வந்தது. டொயோட்டா, போர்டு உள்ளிட்ட நிறுவனங்கள் உரிமம் பெற்றன.

இம்முறை சிறு எஞ்சினுக்கு மட்டுமே பொருந்தும் என்ற எண்ணம் டெட்ராய்ட்டில் நிலவியது. ஹோண்டா பொறியாளர்கள் செவர்லே இம்பாலா என்னும் பெரிய அமெரிக்கச் செடான் ஒன்றை ஜப்பானுக்குக் கொண்டுவந்து, அதன் எட்டு சிலிண்டர் எஞ்சினுக்குச் சிவிசிசி முறையில் மேற்பகுதியைப் புதிதாகச் செய்து பொருத்தி, 1973 இல் மீண்டும் அமெரிக்க முகமையிடமே சோதனைக்கு அளித்தனர். அதுவும் 1975 ஆம் ஆண்டின் அளவுகோல்களை நிறைவு செய்தது. பிறர் செய்த குடும்ப மகிழுந்தை மாற்றியமைத்து எழுப்பிய வாதங்களுள் இதைவிட வலுவானது மற்றொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

இந்த எஞ்சின் அமெரிக்கப் பெருநிறுவனங்களை முந்துவதற்கு வாய்ப்பு என்று சொயிச்சிரோ மகிழ்ந்து பேசியபோது, தாங்கள் உழைப்பது போட்டிக்காக அன்று, சமூகத்துக்காக என்று இளம் பொறியாளர்கள் மறுத்தனர். தம் எண்ணம் காலத்துக்குப் பின்தங்கிவிட்டது என்பதை அது உணர்த்தியதாக அவர் பின்னர் குறிப்பிட்டார். நிறுவனத்தின் 25 ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி 1973 அக்டோபரில் சொயிச்சிரோவும் புஜிசாவாவும் ஒன்றாகப் பதவி விலகினர். 45 வயதான கியோஷி கவாஷிமா தலைவரானார். உறவினரை நிறுவனத்தில் சேர்ப்பதில்லை என்பது நிறுவனர்களின் கொள்கை. தம்பி பென்ஜிரோவும் முன்னரே விலகியிருந்தார். மூத்த மகன் ஹிரோதோஷி, அதே 1973 இல் முகென் என்னும் தனி நிறுவனத்தைத் தொடங்கினார். ஹோண்டா வண்டிகளுக்கான பந்தய எஞ்சின்களும் மாற்றுப் பாகங்களும் செய்யும் நிறுவனம் அது.

ஓய்வுக்குப் பின் ஜப்பான் முழுவதும் ஏறத்தாழ 700 ஹோண்டா கிளைகளுக்கும் விற்பனை நிலையங்களுக்கும் நேரில் சென்று நன்றி கூறினார். ஓரிடத்தில் எண்ணெய்க் கறை படிந்த கையைக் கழுவி வர ஓடிய தொழிலாளியைத் தடுத்து, அக்கையையே பற்றிக் குலுக்கினார். 1989 இல் அமெரிக்க மகிழுந்துப் புகழரங்கில் இடம்பெற்ற முதல் ஜப்பானியரானார். ஆகஸ்ட் 5, 1991 அன்று கல்லீரல் செயலிழந்து டோக்கியோவில் காலமானார். மகிழுந்து செய்பவரின் இறுதிச் சடங்கு போக்குவரத்து நெரிசலை உண்டாக்கக் கூடாது என்ற அவருடைய விருப்பப்படி, நிறுவனத்தின் சார்பில் இறுதி ஊர்வலமோ பெரிய சடங்கோ நடத்தப்படவில்லை.

பழைய ஹோண்டா மகிழுந்துகளும் ஆர்வலர்களும்

சிவிக், அக்கார்டு ஆகிய குடும்ப மகிழுந்துகள் பல ஆண்டுகளுக்குப் பின்னும் கைவிடப்படாமல் இருப்பதற்குச் சில காரணங்கள் உள்ளன. எஞ்சின் அளவில் சிறியது. பழைய விலைக்கு எளிதில் கிடைத்தது. ஒரு தலைமுறையின் பாகங்கள் அடுத்த தலைமுறைக்கும் பெரும்பாலும் பொருந்தின. 1989 இல் வந்த பி16ஏ எஞ்சின், 1595 கன செ.மீ. அளவில் 160 குதிரைத்திறன் தந்தது. அதைச் சாதாரண சிவிக் செடானில் பொருத்துவது அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இளைஞர்களின் வழக்கமாயிற்று. வெளியே பள்ளிக்குப் பிள்ளைகளை இட்டுச்செல்லும் வண்டி, உள்ளே பந்தய எஞ்சின் என்பதில்தான் அவர்களுக்கு இன்பம். பாகங்கள் இவ்வாறு ஒன்றுக்கொன்று பொருந்தியதே வேறு விளைவையும் தந்தது: 1990களின் சிவிக்கும் அக்கார்டும் அமெரிக்காவில் மிகுதியாகத் திருடப்பட்ட மகிழுந்துகளில் நெடுங்காலம் இடம்பெற்றன. ஒசாக்காவின் வட்ட நெடுஞ்சாலையில் இரவில் சிவிக் வண்டிகளைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பந்தயம் ஓட்டிய குழுக்களும் இவ்வரலாற்றின் பகுதியே. அதை வீரமாகக் கொள்ளத் தேவையில்லை.

ஜப்பானில் தனியார் மகிழுந்துகளுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை கட்டாய ஆய்வு உண்டு. 13 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு வரியும் கூடும். 1995 இல் விதிகள் தளர்த்தப்படும் வரை சிறு மாற்றங்களுக்கும் அங்கே தடை மிகுந்திருந்தது. எனவே அங்கு பழைய வண்டி வைத்திருப்பது செலவை அறிந்தே எடுக்கும் முடிவாகும்.

ஆர்வலர்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. ஆலையிலிருந்து வந்த நிலையிலேயே வண்டியைக் காக்கவேண்டும் என்பர் ஒரு சாரார். பின்சக்கர வளைவில் துருப்பிடிக்காத, எதுவும் மாற்றப்படாத சிவிக் ஒன்றைக் காண்பது அரிதாகிவிட்ட நிலையில் அவர்களுடைய கவலை நியாயமானது. வண்டி மாற்றுவதற்காகவே உள்ளது, ஹோண்டாவே அவ்வாறுதான் தொடங்கினார் என்பர் மறுசாரார். இவ்வேறுபாடு கூர்மையாவது சிவிசிசி வண்டிகளில்தான். அவற்றின் கார்புரேட்டரைச் சூழ்ந்து சிலந்தி வலைபோல் வெற்றிடக் குழாய்கள் பின்னிக் கிடக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அவை வெடித்துக் காற்றுக் கசியும். எங்கு கசிகிறது என்று கண்டுபிடிப்பது பொறுமையைச் சோதிக்கும். இதனால் பலர் குழாய்களையெல்லாம் அகற்றி, வேறு எளிய கார்புரேட்டரைப் பொருத்தி, முன்னறைக்குச் செல்லும் வழியை அடைத்துவிடுகின்றனர். வண்டி நன்றாகவே ஓடுகிறது. ஆனால் எந்தத் தூய்மைக்காக அந்த எஞ்சின் உருவானதோ அது போய்விடுகிறது. அமெரிக்கச் சட்டம் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளை அகற்றுவதைத் தடைசெய்கிறது. கலிபோர்னியாவில் 1975 வரையிலான வண்டிகளுக்கு மட்டும் புகைச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. குழாய்களை ஒவ்வொன்றாக மாற்றி எஞ்சினை முதல்நிலைக்கே கொண்டுவருவோர் எண்ணிக்கையில் குறைவு.

ஹோண்டா 1300 மீதான மதிப்பும் மாறியுள்ளது. விற்பனையில் தோற்ற அவ்வண்டியை இன்று ஜப்பானியச் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடுகின்றனர். அதற்கு முன்னும் பின்னும் அத்தகைய எஞ்சின் கொண்ட செடானை ஹோண்டா செய்யவில்லை என்பதே காரணம்.

சொயிச்சிரோவின் இளமைப் பகுதியான தென்ரியூவில் 2010 இல் இவருக்கென நினைவு அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. 1924 இல் வென்ற கர்டிஸ் பந்தய வண்டி, மொதேகியில் 1998 இல் திறக்கப்பட்ட ஹோண்டா சேகரிப்பு அரங்கில் பாதுகாக்கப்படுகிறது.